எத்தனை நாடு, எத்தனை துறை?

வெளிநாடு சென்று மீண்ட ஒருவரை நலம் விசாரிக்கப் போனால், தேநீர் வருவதற்கு முன்பே நாம் கேட்டுவிடும் கேள்வி ஒன்றுண்டு. "எத்தனை நாடு பார்த்தீர்கள்?" என்பதே அது. விடையாக வரும் எண்ணைக்கொண்டே அவர் பெருமையை நிறுத்துவிடுகின்றோம். ஐந்து என்றால் ஒரு தலையசைப்பு. பதினைந்து என்றால் வியப்பு. ஐம்பது என்றால் அன்று தொடக்கம் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஊரிலே தனி மதிப்பு. என்ன பார்த்தார், யாரோடு பேசினார், எதைக் கற்றுவந்தார் என்னும் கேள்விகள், தேநீர் ஆறிய பின்னர், நேரமிருந்தால் எழும்.

இந்த எண்ணுக்கென்றே ஒரு சங்கம் இருக்கின்றது என்பதை நேயர்களிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே 1954ஆம் ஆண்டு தோன்றியது 'ட்ரவலர்ஸ் செஞ்சரி கிளப்' என்னும் பயணிகள் சங்கம். 'நூறு நாடு கண்டோர் கழகம்' என்று நம் மொழியிலே அதனை அழைக்கலாம். நூறு நாடுகளையாவது மிதித்தவரே அதில் முழு உறுப்பினர் ஆகலாம். ஐக்கிய நாடுகள் சபையில் அங்கம் வகிக்கும் நாடுகள் 193. கழகத்தாரின் பட்டியலிலோ முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. தாய்நாட்டிலிருந்து கடலாற் பிரிந்து கிடக்கும் தீவுகளையும் பிற நிலப்பகுதிகளையும் அவர்கள் தனித்தனியே எண்ணுகின்றனர். ஹவாயும் அலாஸ்காவும் அமெரிக்காவுக்குப் புறம்பான கணக்கு. அந்தமான் ஒரு கணக்கு. இலட்சத்தீவு மற்றொரு கணக்கு. நம் இலங்கை ஒரே கணக்கு.

மிதித்தல் என்பதற்கும் அவர்கள் ஓர் இலக்கணம் வகுத்திருக்கின்றார்கள். தொடக்க காலத்திலே இதுபற்றிப் பெரிய வாதம் நிகழ்ந்ததாம். ஒரு நாட்டிலே எத்தனை நாள் தங்கினால் அதனைக் கண்டதாகக் கொள்ளலாம் என்பது வினா. ஈற்றில், கப்பல் துறைமுகத்திலே சற்று நின்றாலும், விமானம் எண்ணெய் நிரப்புவதற்காக இறங்கினாலும், அதுவும் ஒரு நாடு கண்ட கணக்கே என்று முடிவு செய்தனர். கொழும்பிலே ஒரு மணி நேரம் விமானத்துக்குக் காத்திருந்தவரும், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் நின்று பார்த்தவரும் அக்கழகத்தின் ஏட்டிலே சமமானவர்கள்.

இதைச் சொல்லி நகைப்பது எம் நோக்கமன்று. எந்தச் சங்கத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். எண்ணிக்கையைவிட எளிய அளவுகோல் இல்லை. அதே அமெரிக்காவில் 1902ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட வேறொரு சங்கம், ஒரே திசையாகச் சென்று, உலகின் தீர்க்கரேகைகள் அனைத்தையும் கடந்து முடித்தவரையே உறுப்பினராக ஏற்கின்றது. அது சற்றுக் கடினமான அளவுகோல். ஆயினும் அதுவும் ஓர் அளவுகோலே. பயணம் செய்தவன் எதைக் கொண்டு போனான், எதைக் கொண்டு வந்தான் என்பதை அளக்கும் கோல் எந்தச் சங்கத்திடமும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கோலை வைத்துக்கொண்டு நம்மவரிலே சிலரையும், நம் ஊருக்கு வந்தோரிலே சிலரையும் இன்று அளந்து பார்ப்போம்.

முதலிலே ஒரு சங்கத்தின் உறுப்பினர்களையே எடுத்துக்கொள்வோம். அது பயணிகள் சங்கமன்று. பம்பாயிலே பாரந்தூக்கும் பயிற்சி செய்துவந்த இளைஞர்களின் சங்கம். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவரை நடந்தே வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் பேச்சை அவ்விளைஞர்கள் கேட்டனர். கால்நடையாக ஒருவர் இவ்வளவு தூரம் வரலாமானால் நாம் ஏன் சைக்கிளிலே உலகத்தைச் சுற்றலாகாது என்று அவர்களுக்குத் தோன்றிற்று. 1923 ஒக்டோபர் 15ஆம் நாள் பார்சி இளைஞர் அறுவர் பம்பாயிலிருந்து புறப்பட்டனர். ஒருவர் தெஹ்ரானோடு திரும்பினார். ஒருவர் அமெரிக்காவைக் கண்டு மயங்கி அங்கேயே தங்கிவிட்டார். இன்னொருவர் நியூயோர்க்கிலே மனம் சலித்து ஊர் மீண்டார். எஞ்சிய மூவர், ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்போர், பாலைவனமும் பனிமலையும் காடும் கடந்து 1928 மார்ச் 18இல் பம்பாய் சேர்ந்தனர். நான்கு ஆண்டும் ஐந்து மாதமும். ஏறத்தாழ 71,000 கிலோமீற்றர். அவர்கள் கண்ட நாடுகளை எண்ணினால் நூறு வராது. ஆயினும் பிறர் ஆட்சிக்குட்பட்ட ஒரு நாட்டின் பிள்ளைகள், தம் கால் வலிமையையே துணையாகக்கொண்டு உலகின் முன் தலைநிமிர்ந்து நின்றார்கள். அறுவரிலே மூவர் முடிக்கவில்லை என்பதும் எமக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. முடிக்காதவர்களின் கதையை யாராவது விரிவாக எழுதியிருந்தால் அதனையே முதலிலே வாசிப்போம்.

நம் தமிழ்ப் பயணிகளிலே தலையாயவர் கோட்டையூர் அ. க. செட்டியார். 1911இல் பிறந்து 1983இல் மறைந்தவர். உலகம் சுற்றும் தமிழன் என்றே தமிழகம் அவரை அழைத்தது. அவர் எழுதிய நூலின் பெயரும் அதுவே. இளமையிலே பர்மாவிலிருந்து 'தனவணிகன்' என்னும் இதழை நடத்தினார். யப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்றார். 1937 ஒக்டோபர் 2ஆம் நாள் நியூயோர்க்கிலிருந்து டப்ளின் நகரை நோக்கிச் செல்லும் கப்பலிலே இருந்தபொழுது, அன்று காந்தியடிகளின் பிறந்தநாள் என்ற நினைவு அவருக்கு வந்தது. அடிகளைப்பற்றி முழுநீளச் செய்திப்படம் ஒன்று எடுத்தால் என்ன என்ற எண்ணமும் அதனோடு எழுந்தது. அவருக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. கையிலே பெரும் பணமில்லை.

அடுத்த மூன்று ஆண்டுகள் அவர் உலகைச் சுற்றியது நாடு எண்ணுவதற்காகவன்று. காந்தியடிகளை யார் யார் எங்கெங்கே படம்பிடித்திருந்தார்களோ அந்தப் படச்சுருள்களைத் தேடித் தென்னாபிரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் அலைந்தார். அவர் கடந்த தூரம் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் என்பர். சேர்த்த படச்சுருள் 50,000 அடி. அதிலிருந்து தெரிந்தெடுத்துத் தொகுத்த படம் 12,000 அடி. 1940 ஆகஸ்ட் மாதத்திலே அது சென்னையில் திரையிடப்பட்டது. காந்தியடிகளை அன்றைய அரசு எவ்வாறு நோக்கிற்று என்பதை அறிந்தவர்கள், அப்படத்தைக் கொண்டுவந்து தமிழ் மக்களுக்குக் காட்டுவதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதையும் உணர்வார்கள்.

செட்டியாரைப்பற்றி எமக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. தாம் சென்ற பயணங்களை எழுதியதோடு அவர் அமையவில்லை. 'குமரி மலர்' என்னும் தம் இதழிலே பழைய எழுத்துகளைத் தேடித்தேடி மறுபடியும் அச்சிட்டார். நூறாண்டுகட்கு முன்னே பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் திரட்டித் தனி நூலாகவே 1968இல் வெளியிட்டார். உலகத்தைச் சுற்றிய ஒருவர், தம்மை மறந்து, பிறர் கால்தடங்களைக் காப்பாற்றியிருக்கின்றார். நூறு நாடு கண்டோரிலே இதைச் செய்பவர் எத்தனைபேர்?

இனி நம் கரைக்கு வருவோம்.

பண்டத்தரிப்பிலிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் மாதகற் கடல். அங்குள்ள சம்பில்துறையே பண்டைக் காலத்துச் சம்புகோளப் பட்டினம் என்பது வழிவழி வரும் கொள்கை. தேவநம்பிய தீசனின் தூதர்கள் சம்புகோளத்திலே கப்பலேறி, ஏழு நாளில் வங்கக் கரையை அடைந்து, மேலும் ஏழு நாளிலே பாடலிபுத்திரம் சேர்ந்தார்கள் என்று மகாவம்சம் கூறுகின்றது. பதினான்கு நாள்! இன்று கடவுச்சீட்டு வரிசையிலே நின்று, விசாவுக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்கு நாள் வாங்கிக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் படித்தால் பெருமூச்செறிவார்கள்.

அதே வடகரையிலே கிழக்கு நோக்கிச் சென்றால் வல்வெட்டித்துறை. அங்கே கப்பல் கட்டுதலும் கப்பலோட்டுதலும் குடித்தொழில். சோளகக் காற்றிலே கிழக்கே போய், வாடைக் காற்றிலே மீளும் பாய்க்கப்பல்கள், பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும், நாகபட்டினத்திலிருந்து பிற சரக்கும் கொண்டுவந்தன. யாழ்ப்பாணத்துப் புகையிலை மலையாளக் கரைக்குச் சென்றது. கப்பலை நடத்துபவர் தண்டையல் எனப்படுவார். திசையறிய வானத்து மீன்கள். ஆழமறிய ஈயக்குண்டு கட்டிய கயிறு. காற்றறிய அவர் உடம்பே போதும். கட்டியவர்களான மேத்திரிமார் தாளிலே படம் வரைந்து கட்டியவர்களல்லர். வேம்பும் இலுப்பையும் எந்த வளைவுக்கு ஏற்றன என்பதை மரம் நிற்கும்பொழுதே பார்த்துத் தெரிந்தவர்கள்.

அவ்வூரிலே கட்டப்பட்ட கப்பல்களுள் ஒன்று 'அன்னபூரணி'. நீளம் 89 அடி. இரண்டு பாய்மரம். உரிமையாளர் நாகப்பச் செட்டியார். 1930களின் நடுவிலே வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனைக் கண்டு விரும்பி விலைக்கு வாங்கினார்.

றொபின்சன் சாதாரணப் பயணியல்லர். 1928 தொடக்கம் 1931 வரை, 32 அடி நீளமேயுள்ள சிறு பாய்க்கலத்திலே உலகைச் சுற்றிவந்தவர். அக்காலத்திலே அவ்வளவு சிறிய கலம் உலகைச் சுற்றியதில்லை என்று பேசப்பட்டது. அக்கலத்துக்கு அவர் இட்ட பெயர் 'ஸ்வாப்'. கனவு என்னும் பொருள்பட வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்டது. 1934இல் கலாபகோஸ் தீவிலே குடல்வால் அழற்சியால் உயிருக்குப் போராடி, பனாமாவிலிருந்து கடல் விமானத்திலே வந்த கடற்படை வைத்தியராற் பிழைத்தார். கடலையும் கலத்தையும் நன்கறிந்த இத்தகைய ஒருவர், அமெரிக்காவிலே இல்லாத கப்பலா என்று எண்ணாமல், நம் மேத்திரிமாரின் கைவேலையைத் தெரிந்தெடுத்தார் என்றால், அதுவே எந்தச் சங்கமும் கொடுக்கக்கூடிய நற்சான்றினும் பெரிது.

கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரை வைத்தார்: 'புளோறன்ஸ் சி. றொபின்சன்'. (வாங்கிய பொருளுக்குப் பெயர் மாற்றும் உரிமை அவருக்குண்டு. ஆனால் வல்வெட்டித்துறையார் இன்றுவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது என்றும் அன்னபூரணியே.) டொனால்ட் மக்குயிஷ் என்பவர் கப்பித்தானாக அமர, தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு வேறு நால்வருமாக வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஐவர் அக்கப்பலைச் செலுத்திச் சென்றனர். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பின்னர் அத்திலாந்திக் மாகடல். 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் மாசச்சூசெற்ஸ் மாகாணத்தின் குளொஸ்ரர் துறையிலே அன்னபூரணி நங்கூரமிட்டது. அது அமெரிக்காவின் பெயர்பெற்ற மீன்பிடித் துறை; நல்ல பாய்க்கப்பல்களை நாடோறும் கண்டு பழகிய ஊர். அந்த ஊரார் கரைக்கு வந்து கூடிநின்று பார்த்த கப்பல் இது.

ஐவரும் கண்ட நாடுகளை எண்ணினால் லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்தின் வாயிற்படியைக்கூட அவர்கள் மிதித்திருக்க முடியாது. சோளகத்துக்கும் வாடைக்கும் பழகிய அவர்களுக்கு அத்திலாந்திக்கின் காற்று வேறு, அலை வேறு, குளிர் வேறு. எனினும் கப்பல் அவர்கள் ஊர்க் கப்பல்; அதன் ஒவ்வொரு முனகலும் எந்தப் பலகையிலிருந்து வருகின்றது என்பதை அறிந்தவர்கள் அவர்களே. தம் ஊரார் செய்த பொருள் அத்திலாந்திக்கைத் தாங்கும் என்று தம் உயிரையே பிணையாக வைத்து நிறுவினார்கள்.

குளொஸ்ரருக்கு வடக்கே, அதே மாவட்டத்தின் கரையிலே, நியூபரிபோர்ட் என்று ஓர் ஊர் இருக்கின்றது. இரண்டுக்கும் நேர்க்கோடிட்டால் இருபது மைலும் வராது. பண்டத்தரிப்புக்கும் வல்வெட்டித்துறைக்கும் இடையே உள்ள தூரத்தைவிடச் சற்றே கூடுதல். அந்த நியூபரிபோர்ட்டிலிருந்துதான் 1815 ஒக்டோபர் மாதத்திலே 'ட்ரையாட்' என்னும் பாய்க்கப்பல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டது. ஐந்து மாதம் கடலிலே கிடந்து 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த போதகர் ஐவர் அதில் வந்தனர். அங்கிருந்து இங்கே ஐவர். நூற்றிருபத்திரண்டு ஆண்டின் பின் இங்கிருந்து அங்கே ஐவர். வரலாறு திட்டமிட்டுச் செய்ததன்று. ஆயினும் இரண்டு கரைகளையும் தேசப்படத்திலே பார்க்கும்போதெல்லாம் எமக்கு ஒருவகைக் களிப்பு உண்டாகின்றது. மாணாக்கர்கள் தேசப்படத்தை எடுத்துவைத்து இவ்வூர்களைத் தேடிப் பார்ப்பார்களாக.

ட்ரையாட் வந்த மூன்றாண்டின் பின், 1819 ஜூன் மாதம் பொஸ்ரன் நகரிலிருந்து 'இந்தஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. நியூயோர்க்கிலே நல்ல வருமானத்தோடு தொழில் நடத்திக்கொண்டிருந்த ஜோன் ஸ்கடர் என்னும் இளம் வைத்தியர், மனைவியோடும் குழந்தையோடும் அதிலே ஏறினார். கல்கத்தாவை அடைந்ததும் அக்குழந்தை நோயுற்று இறந்தது. அவ்வளவிலே திரும்பியிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் திரும்பவில்லை; யாழ்ப்பாணம் வந்து, 1820இலே இந்தப் பண்டத்தரிப்பிலேயே மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து பிறநாட்டுக்கு மருத்துவப் பணிக்கெனச் சென்ற முதல் மிஷன் வைத்தியர் அவரே என்பர். பிற்காலத்திலே சென்னைக்குச் சென்றார். 1855இல் தென்னாபிரிக்காவிலே இறந்தார். அவர் பேர்த்தி ஐடா ஸ்கடரே வேலூரிலே இன்று உலகறிய விளங்கும் மருத்துவ நிலையத்தை உருவாக்கியவர்.

அதே இந்தஸ் கப்பலிலே வந்த மற்றொருவர் மைரன் வின்சிலோ. 1862இலே சென்னையில் அவர் வெளியிட்ட பெருந் தமிழ் ஆங்கில அகராதியைத் தமிழ் படிப்போர் இன்றும் எடுத்துப் புரட்டுகின்றனர். மதம் மாற்றவே வந்தவர்கள் அல்லவா என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள். ஆம், அதற்காகவே வந்தார்கள். அவர்களே அதை மறைத்ததில்லை. சைவனாகிய எமக்கு அதிலே உடன்பாடில்லை என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆயினும் ஒரு கப்பலின் அடித்தட்டிலே மருந்துப் பெட்டியும் அகராதிக்கான உழைப்பும் சேர்ந்து வந்தன என்பதை மறுத்தால் அது நன்றி கொன்றதாகும்.

அவர்களை எதிர்த்து நின்ற ஆறுமுக நாவலரும் கடல் கடந்தவரே. அவர் சென்றது எத்தனை நாடு? சென்னைக் கரை ஒன்றுதான். 1849இலே அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்றார். திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்ததும் அந்தப் பயணத்திலேதான். மீண்டுவந்து வண்ணார்பண்ணையிலே அந்த யந்திரத்தை நிறுவினார். பாலபாடமும் இலக்கண நூல்களும் புராணங்களும் வீடுதோறும் புகுந்தன. பாக்குநீரிணையின் குறுக்கே போய்வந்த ஒரேயொரு பயணம், ஓர் இனத்தின் கல்வியை இப்படித் திருப்பிவிட்டது. கழகத்தாரின் ஏட்டிலே அது ஒன்று என்று மட்டுமே பதியப்படும்.

அந்த நீரிணையைப்பற்றி இன்னும் ஒரு செய்தி. லொஸ் ஏஞ்சலிஸிலே நூறு நாடு கண்டோர் கழகம் தோன்றிய அதே 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலே கடலில் இறங்கி, இருபத்தேழு மணி நேரம் நீந்திக் கோடிக்கரையிலே ஏறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் அவரே. அவர் கண்ட நாடும் ஒன்றுதான்.

வகுப்பிலே இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எங்கள் பெரியப்பா கனடாவுக்குப் போய்ச் சேருமுன் ஆறு நாடு கடந்தவர்; அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைப்பதில்லை. அதுவும் பயணந்தானே?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாயிற்று. ஏனெனில் அங்கிருந்த பிள்ளைகளிலே பாதிப்பேருக்கு அப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ உண்டு. 1983இன் பின்பும், 1990களின் இடப்பெயர்வுகளின் பின்பும், இந்தச் சிற்றூர்களிலிருந்து சென்றவர்கள் இன்று தொறொன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். நாடு கண்ட எண்ணிக்கையிலே நம்மவர் எந்தக் கழகத்தாருக்கும் இளைத்தவரல்லர். ஆனால் அந்த எண்ணிக்கையை மகிழ்ச்சியோடு சொல்லுவார் இல்லை. உல்லாசப் பயணி ஒரு நாட்டின் முத்திரையைக் கடவுச்சீட்டிலே பெருமையோடு பெறுகின்றான். அவர்களோ முத்திரை விழாமற் கடந்துவிட வேண்டுமே என்று இரவெல்லாம் விழித்திருந்தவர்கள். "பயணந்தான், தம்பி. அவர் கதைக்கும் நாளில் அருகிலிருந்து கேட்டு எழுதிவை" என்றோம். வேறு விடை எமக்குத் தோன்றவில்லை.

உண்மையிலே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. மேலைநாட்டுப் பயணச் சங்கங்களை எண்ணித் தலைவணங்கவேண்டிய இடம் ஒன்றுண்டு: உறுப்பினர்களின் பயணங்களை அவர்கள் பதிந்து வைக்கின்றார்கள். யார் எப்போது எங்கே சென்றார், என்ன செய்தார் என்று செய்தியிதழ் வெளியிடுகின்றார்கள். றொபின்சன் சென்ற வழியை அவர் நூல்களே சொல்லும். ட்ரையாட் கப்பலிலே வந்தோரின் நாட்குறிப்பும் கடிதமும் அமெரிக்க நூலகங்களிலே பத்திரமாய் இருக்கின்றன. அன்னபூரணியிலே சென்ற ஐவர் அத்திலாந்திக்கின் நடுவிலே என்ன நினைத்தார்கள், என்ன சமைத்துண்டார்கள், குளொஸ்ரர்க் கடைத்தெருவிலே எதைக் கண்டு வியந்தார்கள் என்பதை அவர்கள் கையெழுத்திலே நாம் படிக்க வழியுண்டா? ரங்கூனுக்குப் போய்வந்த நூற்றுக்கணக்கான தண்டையல்மாரின் கணக்கேடுகள் எங்கே? 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன் பின்னும் எத்தனையோ வீடுகள் கூரையிழந்தன. அலுமாரிகள் மழையிலே நனைந்தன. எஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் பழைய தாள் வாங்க வருபவனின் சைக்கிளிலே போய்க்கொண்டிருக்கின்றது.

2023 ஒக்டோபர் 14ஆம் நாள் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கிற்று. இடையிலே நின்று, 2024 ஆகஸ்ட்டிலே வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. நான்கைந்து மணி நேரப் பயணம். பலாலியிலே விமான நிலையம் 2019இல் திறக்கப்பட்டபின் சென்னை இன்னும் கிட்டிவந்துவிட்டது. நம் மாணாக்கர் பலருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம் இனி நாவலர் சென்ற அந்தக் கரையாகவே இருக்கும். போகிறவர்கள் கையிலே ஒரு குறிப்புப் புத்தகம் கொண்டு போகட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மாதகல், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களிலே கடலோடிகளின் வழிவந்தோர் இதனைப் படிக்கக்கூடும். உங்கள் பாட்டனார், பூட்டனார் சென்ற கப்பலின் பெயர், ஏற்றிய சரக்கு, தொட்ட துறைகள், திரும்பிய ஆண்டு ஆகியவற்றுள் வீட்டிலே வழங்கிவருவன எவையாயினும் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். இப்பகுதியிலே ஒவ்வொன்றாக வெளியிடுவோம். ஆச்சிமார் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதலாம். எழுத்துப் பிழையைப்பற்றிக் கவலை வேண்டாம். திருத்துவது எம் தொழில். கணக்கேடோ கடிதமோ பழைய கடவுச்சீட்டோ இருந்தால் கைத்தொலைபேசியிலே படம்பிடித்து அந்தப் படத்தை அனுப்பினாற் போதும். ஏட்டை மாத்திரம், கேட்பவர் நாமேயாயினும், வீட்டைவிட்டு வெளியே கொடுத்துவிடாதீர்கள்.